வாசலை மறிக்காதீர்கள்: தோட்டக் கோயில் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்



ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நுவரெலியா என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் சரி, கோயில் கமிட்டி என்று ஒன்று இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். சோதிடர்களுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் டவுனில் இருக்கிறார்கள், காசு கொடுத்தால்தான் வாய் திறப்பார்கள். குருக்கள் ஐயாவோ பூசைக்கு வந்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மிச்ச நாளெல்லாம் லயத்துக்கு லயம் நேரம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். பால் காய்ச்ச, காது குத்த, பெண் பார்க்கப் போக, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையை அனுப்பிவைக்க, எல்லாவற்றுக்கும் "கமிட்டித் தலைவர் வீட்டுக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு வா" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். உங்கள் வார்த்தைக்கு இருக்கிற பலம் உங்களுக்கே சரியாகத் தெரியுமோ என்னமோ. அந்தப் பலத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்தெடுத்தவர். சாமியையோ சாத்திரத்தையோ பழிக்க வந்தவளில்லை. எங்கள் வீட்டிலும் கலண்டர் கிழிக்கிறோம், நல்ல நேரம் பார்த்துத்தான் பொங்கல் பானை வைக்கிறோம். ஆனால் நேரம் பார்ப்பது இப்போது போகிற போக்கைப் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்காமல் வேறு யாரிடம் வைப்பது?

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். இரண்டு வயசுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோ வந்து ரோட்டில் நிற்கிறது. மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "பத்தரைக்கு இராகு காலம் பிறந்திருச்சு, பன்னிரண்டு அடிக்கட்டும், அதுக்கப்புறம் வாசப்படி தாண்டலாம்" என்கிறார். தாய் அழுகிறாள். அந்த மாமியார் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அப்படி நின்றார். கடைசியில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இதில்தான் விஷயமே இருக்கிறது. பிள்ளை பிழைத்ததால், "பார்த்தியா, நல்ல நேரத்தில் கிளம்பினதால்தான் தப்பிச்சது" என்று அந்த லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அடுத்த பிள்ளைக்கு வலிப்பு வரும்போது வாசலை மறிக்க இனி நாலு பேர் நிற்பார்கள். பிழைத்தால் நேரம் காப்பாற்றியது, பிழைக்காவிட்டால் புறப்பட்ட நேரம் சரியில்லை. இப்படிக் கணக்கு வைத்தால் அந்தக் கணக்கு தப்பென்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

வாசலில் யாரை நிறுத்துகிறோம் என்பதையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற பையன் இரவு பஸ்ஸைப் பிடிக்க எந்த நேரத்தில் ஓடினாலும் யாரும் மறிப்பதில்லை. தவறணைக்கு இறங்குகிறவருக்கு எமகண்டம் கிடையாது. புள்ளத்தாச்சிக்கு உண்டு. நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளைக்கு உண்டு. புருஷன் அடித்துத் தாய் வீட்டுக்குக் கிளம்புகிறவளுக்கும் உண்டு, "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு எங்கேடி போற" என்று.

நீங்கள் நேரம் பார்க்கிறவர்கள் என்பதால் நேரக் கணக்கையே எடுத்துப் பேசுவோம்.

ஓரை என்பது என்ன? வானத்தில் கண்ணுக்குத் தெரிந்து நகர்கிற ஏழையும் பழைய காலத்தில் மெதுவாகப் போவதிலிருந்து வேகமாகப் போவது வரை வரிசை கட்டினார்கள். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருடம், குருவுக்குப் பன்னிரண்டு, செவ்வாய்க்கு இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு, அப்புறம் சூரியன், சுக்கிரன், புதன், கடைசியில் மாதத்துக்கு ஒரு சுற்று ஓடிவிடுகிற சந்திரன். சூரிய உதயத்தில் அந்தக் கிழமைக்காரனிடம் முதல் மணியைக் கொடுத்து, இதே வரிசையில் ஒவ்வொரு மணியாகக் கை மாற்றிக்கொண்டே போனார்கள். ஞாயிறு முதல் மணி சூரியன். ஏழேழாக மூன்று சுற்று முடிந்து 22ஆம் மணி மறுபடி சூரியன், 23 சுக்கிரன், 24 புதன், 25ஆம் மணி சந்திரன். அந்த 25ஆம் மணிதான் மறுநாள் விடியல். அதனால் ஞாயிற்றுக்குப் பிறகு திங்கள். கிழமைகள் இன்று நாம் சொல்கிற வரிசையில் நிற்பதற்கே காரணம் இந்த ஓரைக் கணக்கு. அழகான கணக்கு. கிரேக்கர், ரோமர் பக்கமெல்லாம் புழங்கி, ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய காலத்துக்கு முன்னமே இந்தியாவில் வேர் விட்டு, நம் அப்பாயி அம்மாயிமாரோடு கடல் கடந்து மலையேறி வந்திருக்கிறது. அதை இழிவாகப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அது மனிதர் போட்ட கணக்கு. கண்ணுக்குத் தெரிந்த ஏழுக்குத்தான் அதில் இடம். 1781இல் யுரேனஸையும் 1846இல் நெப்டியூனையும் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை. நாம் இவ்வளவு பயப்படுகிற இராகுவும் அந்த ஏழில் இல்லை. சந்திரன் போகிற பாதை சூரியன் போகிற பாதையை வெட்டுகிற புள்ளிக்குத்தான் இராகு என்று பெயர். அங்கே கல்லோ மண்ணோ எதுவும் கிடையாது. இராகு காலம் ஓரையைச் சேராத வேறொரு கணக்கு. பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நாலாம் பங்கு என்று போகிறது. இரண்டு கணக்கையும் ஒரே கலண்டர் தாளில் அச்சடித்துவிட்டதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டும் ஒத்துப்போகிறதா? கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். வியாழக்கிழமை காலை 6 முதல் 7 வரை குரு ஓரை. குருவின் நாளில் குருவின் மணி, இதைவிடச் சுபம் வேண்டுமா? ஆனால் அதே 6 முதல் 7.30 வரை எமகண்டம். புதன்கிழமை மத்தியானம் 12க்குச் சுக்கிர ஓரை பிறக்கிறது, கூடவே இராகு காலமும் பிறக்கிறது. திங்கட்கிழமை 8 முதல் 9 வரை குரு, ஆனால் 7.30லிருந்து 9 வரை இராகு. எதை எடுப்பது, எதை விடுவது? "இராகு காலம்தான் முந்தி" என்பீர்கள். யார் முந்தி வைத்தது என்று கேட்டால் பதில் ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரி, அடுத்த தோட்டத்தில் ஒரு மாதிரி.

அந்தத் திங்கட்கிழமையையே ஒரு கொழுந்துக்காரியின் கையில் கொடுத்துப் பாருங்கள். சனி, செவ்வாய், சூரிய ஓரைகளைத் தள்ளுங்கள். இராகுவையும் எமகண்டத்தையும் தள்ளுங்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவளுக்கு மிஞ்சுவது 6 முதல் 7, 12 முதல் 2, 3 முதல் 4. மொத்தம் நாலு மணி நேரம். முதல் மணியில் அவள் அடுப்பை அணைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவுக்குத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டுக்கு மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பாள். நிறுத்து, வீட்டுக்கு ஏறி, சாப்பிட்டேன் என்று பேர் பண்ணி, திரும்ப மலைக்குப் போகவே இரண்டாகிவிடும். மூன்று மணிக்கு மலையில் அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருப்பாள். அவளுடைய நல்ல நேரம் முழுக்கத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. பெரட்டுக்களத்தில் நின்று, "ஐயா, இராகு காலம் முடியட்டும், ஒன்பதுக்கு மேல் மலைக்குப் போறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பேர் விழாது. அரைப் பேர்கூடக் கிடைப்பது சந்தேகம். துரைமார் ஓரை பார்த்து யாருக்கும் சலுகை தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக, கொழுந்தெடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் இராகு தடையில்லை. தோட்டத்துக்கு வருமானம் தருகிற வேலை எந்த நேரத்திலும் நடக்கும். சொந்த உடம்புக்கு வைத்தியம் பார்க்கப் போவதற்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்களுக்குப் படுகிறதா?

இன்னொன்றும் கேட்கிறேன். இந்த 7.30, 9 என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு. நம் மலையில் அப்படி உதிப்பதில்லை. நுவரெலியாவில் பெப்ரவரி தொடக்கத்தில் உதயம் 6.20ஐத் தாண்டிவிடும், மே கடைசியில் 5.50 அளவுக்கு வந்துவிடும். சாத்திரப்படி பகலை எட்டாகப் பிரித்தால், பெப்ரவரி முதல் வாரத்தில் திங்கட்கிழமை இராகு காலம் 7.50 அளவில் தொடங்கி 9.20 வரை போகும். 7.30க்கு வாசலில் நிறுத்தியது ஒரு தப்பு, 9.05க்குப் "போகலாம், இராகு விலகிட்டான்" என்று அனுப்பியது இன்னொரு தப்பு. உங்கள் சாத்திரத்தின்படியே தப்பு. இதுவும் கடல் மட்டத்து உதயத்தை வைத்துச் சொல்வதுதான். கிழக்கே மலை மறைத்த பள்ளத்து லயத்துக்கு வெயில் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகள் இப்போது போனில் ஊர்ப் பேரைப் போட்டு நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள். தாத்தா சென்னையில் அச்சான கலண்டரைக் காட்டுகிறார், பேத்தி போனைக் காட்டுகிறாள். இரண்டுக்கும் இருபது நிமிடம் வித்தியாசம். சண்டை முடிவதற்குள் பஸ் போய்விடுகிறது.

பழைய நேரம், புதிய நேரம் என்று நாம் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. மழையில்லாமல் மின்சாரம் தட்டுப்பட்டதால் 1996 மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அந்த ஒக்டோபரிலேயே அரை மணி பின்னால் இழுத்தார்கள். 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மிச்ச அரை மணியையும் எடுத்துப் பழைய நேரத்துக்கே வந்தார்கள். பத்து வருடம் மணிக்கூடு சூரியனை விட்டு விலகி ஓடியது. முதல் ஐந்து மாதம் போக, அந்தப் பத்து வருடமும் 7.30 என்று பார்த்தவர்கள் உண்மையில் பார்த்தது பழைய 7 மணியை. அந்தப் பத்து வருடத்தில் கட்டிய தாலியெல்லாம் அறுந்துவிட்டதா? பால் காய்ச்சிய வீடுகளில் எல்லாம் பாம்பு புகுந்ததா? அப்போது பிறந்த பிள்ளைகள் இன்று உங்கள் கமிட்டியிலேயே இளைஞர் அணியில் இருக்கிறார்கள், நல்லாத்தான் இருக்கிறார்கள்.

பெரிய இடத்துக்காரர்கள் பார்த்த நேரத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மா 1948 ஜனவரி 4ஆம் திகதி விடியற்காலை 4.20க்குச் சுதந்திரம் வாங்கியது. சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம் அது. அந்த வருடமே அங்கே உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. நம் நாட்டில் மகிந்த ராஜபக்ஷ, பதவிக்காலம் முடிய இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் இருக்கும்போதே, சோதிடர் சொல் கேட்டு 2015 ஜனவரி 8இல் தேர்தலுக்குப் போனார், தோற்றார். அரண்மனைச் சோதிடரை வைத்துப் பார்த்த நேரம் அது. நாம் பார்ப்பதோ பலசரக்குக் கடையில் இனாமாகக் கொடுத்த கலண்டரில்.

நம் சனத்துக்கு வந்த கெட்ட காலங்களையும் நினைத்துப் பாருங்கள். 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் எந்த ஓரையில் நிறைவேறியது என்று யாரும் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தில் கைகள் உயர்ந்தன, நிறைவேறியது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்களே, அந்த ரயில் அதன் நேரத்துக்குத்தான் கிளம்பியது. ஒரு நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட 2021 வரை காத்திருந்தோம். அதைத் தாமதப்படுத்தியதும் சனி பகவான் இல்லை என்பது தொழிற்சங்கத்தில் இருந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சம்பளத்தில் மூன்று நாள் பேரைக் கொண்டுபோய்ப் பரிகாரத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

மலை சரிவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்த மீரியபெத்த. காலை ஏழரை மணி அளவில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அது புதன்கிழமை, 7.30க்கு எமகண்டம், பார்த்தீர்களா என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போ என்று சொன்னவர்கள் போவதற்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு எமகண்டத்தின் மேல் பழியைப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் சௌகரியம். நேரத்தின் மேல் பழி போடுகிற பழக்கத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். நம்மைக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிடுகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் மலைகள் இறங்கின. இனி மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும்போது, சிவப்பு என்றால் அந்த நிமிடமே வெளியேற வேண்டும். இரவானாலும், இராகுவானாலும், கரிநாளானாலும். அப்போது ஒரு கிழவர் கலண்டரைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் நிற்காமல் இருக்க வேண்டுமானால் நீங்கள் இன்றைக்கே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"சாத்திரத்தில் கை வைக்க நாம் யார்" என்று நீங்கள் கேட்கலாம். ஐயாமாரே, நீங்கள் ஏற்கெனவே கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அதுவும் நல்ல மனசோடு. மாரியம்மன் திருவிழாவைச் சம்பளம் போட்ட பிறகு வருகிற சனி ஞாயிறாகப் பார்த்துத்தானே வைக்கிறீர்கள்? கரகம் பாலிக்கிற நாளைப் போயா லீவுக்குப் பொருத்துகிறீர்கள், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வந்து சேர வேண்டும் என்று. பயணம் போகிற நாள் சரியில்லையென்றால் முதல் நாள் நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்துக் காம்பிராவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "பயணம் அப்பவே தொடங்கியாச்சு" என்று அனுப்புகிறீர்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்ற பழமொழியும் உங்களிடம்தான் நான் கற்றேன். புத்தாண்டு பிறக்கிற நேரத்தை வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றாகவும் திருக்கணிதம் வேறாகவும் போடுகிறபோது, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மருத்துநீர் வைத்து முழுகிவிட்டுப் போகிறோம். ஒருவரும் கெட்டுப்போகவில்லை. நம் முன்னோர் நேரத்தை வளைக்கத் தெரிந்தவர்கள். வளைக்க முடியாததாக்கியது அச்சடித்த தாள்.

இராகு காலத்தில்தானே செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எலுமிச்சம்பழத் தோலில் விளக்கேற்றித் துர்க்கையிடம் போகிறார்கள்? அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவின் கதவு திறந்திருக்கிறது என்று நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளை வலியெடுத்துக் கிடக்கிற ஒருத்திக்கு அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக் கதவு மட்டும் எப்படிப் பாவமாகும்?

முந்தி நிலைமை வேறு. தோட்டத்து டிஸ்பென்சரியை விட்டால் ஆளில்லை, நோயாளியைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டோ கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டோ போவார்கள். போய்ச் சேர்வதற்கே பாதி நாள். முன்னே பின்னே ஒரு மணி நேரத்தால் என்ன வந்துவிடும் என்று நினைத்தால் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது 1990 என்று அடித்தால் சுவசெரிய வண்டி காசில்லாமல் வருகிறது. டிக்கோயா ஆஸ்பத்திரியை இந்திய உதவியில் பெரிதாகக் கட்டி 2017இல் திறந்தார்கள். தோட்டப் பாதைகள் குண்டும் குழியுமாக இருப்பதால் வண்டி லயத்தடிக்கு ஏறி வர நேரம் எடுக்கிறது என்பது உண்மை. அதற்காகவே சொல்கிறேன், பாதை தின்கிற நேரத்தோடு நாமும் ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். பிரசவத்தில் இரத்தம் போகத் தொடங்கினால், வலிப்பு நிற்காமல் இழுத்தால், நெஞ்சை அடைத்தால், பாம்பு தீண்டினால், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு தோட்டத்திலும் திருவிழாவுக்கு முன் கமிட்டி கூடி நாள் குறிப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். நோய்க்கும் பிரசவத்துக்கும் மண்சரிவுக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் இந்தத் தோட்டத்தில் இராகு காலம், எமகண்டம், ஓரை எதுவும் பார்ப்பதில்லை, யாரையும் வாசலில் மறிப்பதில்லை என்று. அடி உதைக்குப் பயந்து வீட்டை விட்டுக் கிளம்புகிறவளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சேர்க்க உங்களில் சிலர் தயங்குவீர்கள் என்று தெரிந்தே கேட்கிறேன். தலைவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளாமல், கரகம் வருகிற அன்றைக்கு எல்லாச் சனமும் கூடியிருக்கும்போது மைக்கில் வாசியுங்கள். அந்த மைக்கும் சீரியல் பல்பும் சம்பளத்தில் பிடித்த கோயில் காசில் வந்தவை, அதில் கொழுந்துக்காரிகளின் காசுதான் அதிகம். குருக்கள் ஐயாவையும் பக்கத்தில் நிறுத்தி, "அம்மன் உத்தரவு" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். நான் எத்தனை தரம் எழுதினாலும் கேட்காத மாமியார்கள் அந்த ஒரு வார்த்தைக்குக் கேட்பார்கள்.

கோயில் சுவரில் நல்ல நேரம் எழுதுகிற கரும்பலகை இருந்தால், அதன் மேல் வரியில் 1990 என்று பெரிதாக எழுதி வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் போன் நம்பரையும் தோட்டத்து மருத்துவிச்சியின் நம்பரையும் பக்கத்தில் போடுங்கள். மழை நாட்களில் எச்சரிக்கை என்ன நிறம் என்பதை ஒரு பையனைப் போட்டுத் தினம் எழுத வையுங்கள். அதற்குக் கீழே இராகு காலமும் இருந்துவிட்டுப் போகட்டும், நான் அழிக்கச் சொல்லவில்லை. எழுதுவதென்றால் நம் ஊர் உதயத்தைப் பார்த்துச் சரியாக எழுதுங்கள். கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் அது வேண்டியவர்களுக்கு வேண்டியதுதான். லயத்து வாழ்க்கையில் நம் இஷ்டத்துக்கு ஒரு நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் மேளம் கொட்டி நாமே நடத்துகிற காரியம் எத்தனை இருக்கிறது? அந்த மகிழ்ச்சியை யாரும் பறிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்தத் தீர்மானம் எழுதுகிற கூட்டத்தைக் கிழமை நாளில், மலையில் பெண்கள் இருக்கிற நேரத்தில் வைத்துவிடாதீர்கள். நம் கமிட்டிகளில் பெண்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் வந்து உட்காராமல் இது எழுதப்பட்டால் அடுத்த மழைக்கே மறந்துபோகும். நேரம் வேண்டுமென்றால் நானே பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 2 முதல் 3 வரை சுக்கிர ஓரை. எமகண்டம் 1.30க்கே முடிந்துவிடும், குளிகை 3 மணிக்குத்தான் பிறக்கும், இராகு 4.30க்கு மேல்தான். பெண்களும் அன்று உடுப்புத் துவைத்து, பிள்ளைகளுக்குத் தலை முழுகவைத்து, சோறாக்கி முடித்துச் சற்று ஓய்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தைப் போடுங்கள், அவர்களுக்குப் பாய் விரித்துத் தேத்தண்ணியும் கொடுத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கோயில் காசு கட்டுகிற ஒரு லயத்து மகள்